மேகக் கலத்தில் காஸ்மிக் கதிரைப் பிடிப்பது

காஸ்மிக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள். மேகக் கலம் என்பது, இத்தகைய துகள்கள் ஓடிய தடத்தைக் குளிர்ந்த ஆல்கஹால் ஆவியில் வெண்கோடாகக் காட்டும் பெட்டி. சிறு கண்ணாடித் தொட்டியின் அடியில் தடித்த ஃபெல்ட் துணியைக் காந்தத்தால் பொருத்துங்கள். பசையை ஆல்கஹால் கரைத்துவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டாத அளவு ஊற்றி, தொட்டியைக் கறுப்பு அலுமினியத் தகட்டின்மேல் கவிழ்த்து, விளிம்பை இறுக மூடுங்கள். தகட்டைச் சமமாகப் பரப்பிய உலர்பனியில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி செல்சியஸ்) வையுங்கள். கையுறை, காற்றோட்டம் அவசியம். அருகில் நெருப்பு கூடாது.

பத்து, பதினைந்து நிமிடத்தில், தகட்டையொட்டி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் வெண்கோடுகள் தெரியும். தூறல் மட்டும் தெரிந்தால் பொறுத்திருங்கள். புகை சுழன்றால் எங்கோ காற்று கசிகிறது. 70 சதவீத ஆல்கஹால் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள நீர் காரியத்தைக் கெடுக்கும்.

நீண்டு, மெலிந்து, நேராக ஓடுவது பெரும்பாலும் மியூவான், அதாவது காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துகள். கோணல்மாணலாக அலைவது எலக்ட்ரான். குட்டையாகத் தடித்திருப்பது ஆல்ஃபா துகள் (ஹீலியம் அணுக்கரு). அது பெரும்பாலும் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு தந்தது, விண்வெளிச் சரக்கல்ல!

கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. ஆனால் செங்குத்தாக வருபவை வெறும் புள்ளியாகத்தான் தெரியும், எண்ணிக்கை குறையும். வீட்டுக் காந்தம் மியூவானைக் கண்ணுக்குத் தெரியுமளவு வளைக்காது, அதனால் மின்னூட்டக் குறியை (நேரா, எதிரா என்பதை) இதில் அறிய முடியாது. விண்வெளியிலிருந்து வளிமண்டலத்தை வந்தடையும் மூலக்கதிர்களில் சுமார் 90 சதவீதம் புரோட்டான், 9 சதவீதம் ஹீலியம் அணுக்கரு. அவற்றை நேரடியாக அளக்க பலூனோ செயற்கைக்கோளோதான் வேண்டும்.