பழைய பிரெஞ்சு சைக்கிளுக்குக் குறைந்த செலவில் பாகம் தேடுவது எப்படி

1980-களின் தொடக்கம் வரை பிரான்சில் செய்த பெஜோ, மோட்டோபெகான், ஜிதான், மெர்சியே சைக்கிள்களில் பெரும்பாலானவை மற்ற நாடுகளோடு ஒத்துப்போகாத மெட்ரிக் மரையில் வந்தவை. இன்று கடையில் கிடைக்கும் பாகம் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே நீளமான ஸ்பேனரைப் போட்டு அமுக்கினால் ஃபிரேமின் மரை போய்விடும். அதனால் முதல் செலவை ஒரு வெர்னியர் காலிப்பருக்குச் செய்யுங்கள். 0.05 மி.மீ. வரை காட்டும் சாதாரணமான ஒன்று போதும்.

சைக்கிள் முழுக்க இந்தத் தொல்லை இல்லை. மரை மாறுவது பிபி (ஃபிரேமின் அடியில் கிராங்க் ஆக்சில் சுழலும் பேரிங் தொகுதி), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங் தொகுதி), பெடல், ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி), கிராங்க்கைக் கழற்றும் மரை ஆகிய ஐந்து இடங்களில்தான். ஸ்டெம் (ஹேண்டில் பாரைத் தாங்கும் தண்டு), ஹேண்டில் பார், சீட் பைப் மூன்றிலும் அளவு மட்டும் கொஞ்சம் வேறு. செயின், கேபிள், பால்ஸ், டியூப், பிரேக் ரப்பர் எல்லாம் புதிதாகவே மலிவாகக் கிடைக்கும். இவற்றுக்காகப் பழைய சரக்கைத் தேடி அலைய வேண்டாம்.

பாகம் வேண்டாம், சைக்கிளாக வாங்குங்கள்

ஒரு பிபி கப், ஒரு பெடல் ஜோடி, ஒரு ஹெட்செட் என்று தனித்தனியாக வாங்கினால் தபால் செலவே மூழ்கடித்துவிடும். பழைய பாகம் விற்பவர்களுக்கு 'பிரெஞ்சு மரை' என்ற சொல்லின் விலையும் தெரியும். அதே பாகங்கள் பூட்டிய முழு சைக்கிளை வீட்டைக் காலிசெய்பவர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். பிரான்சில் இருப்பவர்கள் லெபோன்குவான் என்ற விளம்பரத் தளத்தில் பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். 'பழைய சைக்கிள்', 'தெமி கூர்ஸ்' (அரைப் பந்தய சைக்கிள்) என்று பிரெஞ்சில் தேடினால், கையில் இருப்பது என்னவென்று தெரியாதவர்களின் விளம்பரம் மேலே வரும். அதில் குனிந்த மேல் குழாய் உள்ள மிக்ஸ்ட் ஃபிரேமைக் குறிவையுங்கள். ஆண்கள் மாடலுக்கு அலைபவர்கள் இதைச் சீண்டமாட்டார்கள். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் அதே ஸ்ட்ராங்லைட், மாஃபாக், சிம்ப்ளெக்ஸ் கம்பெனிகளின் சாமான்தான்.

எம்மாவுஸ் தொண்டு அமைப்பின் பழைய பொருள் கிடங்குகள், வீட்டுப் பழைய பொருள் விற்கும் ஞாயிற்றுக்கிழமை வீத்-கிரெனியே சந்தைகள், ஊருக்கு ஊர் நடக்கும் பழைய சைக்கிள் சந்தைகள் எல்லாமே தேடத் தக்கவை. என் ஓட்டு 'லெரோ சிக்லாஜ்' கூட்டமைப்பில் உள்ள, தானே ரிப்பேர் செய்துகொள்ளும் பட்டறைகளுக்கு. உறுப்பினர் சந்தா கட்டினால் உடைத்த சைக்கிள்களின் பெட்டிகளைக் கிளறலாம், அரிய டூல்களையும் அங்கேயே பயன்படுத்தலாம். ஒரே ஒரு தடவை தேவைப்படும் டூலை யாரும் காசு கொடுத்து வாங்கக் கூடாது.

பிபி: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்

பிரெஞ்சு பிபி 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி. ஆங்கில அளவு ஏறக்குறைய 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கு 1.058 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் 0.058 மி.மீ. தள்ளிப்போவதால் ஐந்தாவது சுற்றில் கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். கப் இறுகுவதன் காரணம் அழுக்கு அல்ல, இதுதான்.

இடது பக்கக் கப்பை மட்டும் கழற்றி, ஆக்சிலை உருவி, பால்ஸை வெளியே எடுங்கள். வலது கப்பைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பால் ஓடிய தடம் வழுவழுப்பாக, ஒரே பட்டையாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். புது கிரீஸ், பக்கத்துக்கு 11 என்று கால் அங்குல பால்ஸ் 22, இவ்வளவுதான் செலவு. தடத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றுவதென்றால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் வம்பு. பிரெஞ்சு வலது கப் சாதாரண மரை, இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆனால் 1970-களின் பிற்பகுதி மோட்டோபெகான்கள் பலவற்றில் சுவிஸ் மரை இருக்கும்: அதே 35 x 1, ஆனால் வலது கப் மட்டும் தலைகீழ் மரை. துருநீக்கி எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு ஒரு பக்கம் அசையவில்லையென்றால் மறுபக்கம் முயலுங்கள். திரும்பப் பூட்டும்போது பிரெஞ்சு வலது கப்பை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழலும் குணம் அதற்கு உண்டு.

கப் கிடைக்கவே இல்லையா? மரையை நம்பாமல் உள்ளேயே விரிந்து பிடிக்கும் மரையில்லா கார்ட்ரிட்ஜ் பிபி விற்கிறது. 68 மி.மீ. அகல ஷெல்லுக்கு (பிபி உட்காரும் ஃபிரேம் குழாய்) அது சரியாக உட்காரும். பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள், ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது.

கிராங்க், பெடல்

பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்க்கைக் கழற்ற 23.35 மி.மீ. எக்ஸ்ட்ராக்டர் (கிராங்க்கை இழுத்தெடுக்கும் டூல்) வேண்டும், டிஏ கம்பெனி கிராங்க்குக்கு 23 மி.மீ. வழக்கமான 22 மி.மீ. டூல் தொளதொளவென்று உள்ளே போகும், இழுத்த மறுகணம் அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வரும். கடையில் கொடுத்தாலும் இந்த எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். காட்டர் பின் (ஆக்சிலோடு பிடிக்கும் ஆப்பு) போட்ட இரும்புக் கிராங்க் என்றால் பிரெஞ்சு பின் 9 மி.மீ., ஆங்கிலப் பின் 9.5 மி.மீ.

பெடலில் D, G (பிரெஞ்சில் வலது, இடது) என்று பொறித்திருந்தால் 14 x 1.25 மி.மீ. பிரெஞ்சு மரை. R, L என்றால் பெரும்பாலும் இன்றைய 9/16 அங்குல மரை. இங்கே ஒரு நல்ல செய்தி: இரண்டுக்கும் மரை இடைவெளி ஏறத்தாழ ஒன்று, விட்டம் மட்டும் 0.3 மி.மீ. கூடுதல். மரை வெட்டும் 9/16 டேப் ஜோடியை (இடதுக்குத் தலைகீழ் மரை) எண்ணெய் விட்டு கிராங்க் துளையில் ஓட்டினால் எந்தப் புதுப் பெடலும் ஏறும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று துருவலை வெட்டி வெட்டிப் போக வேண்டும்.

ஹெட்செட், ஸ்டெம், ஹேண்டில்

ஹெட்செட்டில் மேல் மரைக் கப்பும் லாக் நட்டும் மட்டும்தான் 25 x 1 மரை. அவை அரிதாகவே தேயும். அடிபடுவது கீழ்ப்பாதி, அதில் மரையே கிடையாது. ஆகவே பழைய மேல்பாகத்தை வைத்துக்கொண்டு கீழ்ப்பாகத்தைப் புது ஹெட்செட்டிலிருந்து எடுக்கலாம். ஃபோர்க் ரேஸ் (ஃபோர்க்கின் மேல் உட்காரும் பேரிங் வளையம்) 26.4 மி.மீ. ஆக இருக்கட்டும், 27 ஆடும். ஹேண்டில் நடுவில் வரும்போது 'டக்' என்று உட்கார்ந்தால் பால்ஸ் குழி பறித்திருக்கிறது. பால்ஸைப் பிடித்திருக்கும் கூண்டை எடுத்துவிட்டு அதே அளவு பால்ஸைத் தளர்வாக நிரப்பி ஒன்றைக் குறையுங்கள். எண்ணிக்கை மாறுவதால் பழைய குழியில் எல்லாம் ஒரே நேரத்தில் விழாது.

ஸ்டெம் 22.0 மி.மீ., இன்றையது 22.2. புது அலுமினிய ஸ்டெமை உள்ளே போகும் நீளத்துக்கு மட்டும் உப்புத்தாளால் சுற்றித் தேய்த்தால் இறங்கும். சுத்தியல் கூடாது. பழைய ஸ்டெமையே வைப்பதானால் அடியில் உள்ள பிளவைக் கழுவிப் பாருங்கள், முக்கியமாக 'ஏவிஏ' என்று பொறித்ததை. பிளவின் நுனியிலிருந்து முடி போலக் கோடு ஓடினால் குப்பைக்கூடைதான். ஓடும்போது ஸ்டெம் முறிந்தால் கையில் ஹேண்டில் மட்டும் மிஞ்சும்.

கியர் மாற்றி கிளாம்புக்கும் இதே கணக்கு. பிரெஞ்சு சீட் டியூப் வெளிவிட்டம் 28.0, கடையில் உள்ள கிளாம்ப் 28.6. குளிர்பானக் கேன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ., மூன்று சுற்று சுற்றினால் கச்சிதம். முன் கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸின் டெல்ரின் பிளாஸ்டிக்காக இருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். கழுத்தில் வெடித்திருக்கும், இல்லையென்றால் வெடிக்கப்போகிறது. அதே கம்பெனியின் ஷிஃப்டர் லீவர்களை மட்டும் விடாதீர்கள், அருமையான சாமான்.

சக்கரம்

டயர் வாங்குமுன் பழைய டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள்: 700சி என்றால் டயர் உட்காரும் ரிம் விட்டம் 622 மி.மீ., 650பி என்றால் 584, அமெரிக்காவுக்குப் போன 27 அங்குலம் 630. எட்டு மி.மீ. தானே என்று 622 டயரை 630 ரிம்மில் ஏற்ற முடியாது.

ஃப்ரீவீல் தேய்ந்திருந்தால் அதை மட்டும் தேடாதீர்கள். பிரெஞ்சு ஹப் 34.7 x 1, ஆங்கில ஃப்ரீவீல் அதில் சரியாகப் பிடிக்காது, ஏற்றத்தில் மரையை உரித்துக்கொண்டு சுழலும். 1980-களின் ஆங்கில மரை ஹப் உள்ள முழுப் பின்சக்கரம் ஒன்றே பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும். பின்னால் ஐந்து பல்சக்கரம் உள்ள ஃபிரேமுக்கு ஆக்சில் அகலம் 120 மி.மீ., ஆறுக்கு 126. பழையது குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் மாற்ற இன்னொரு காரணமும் உண்டு: மழையில் பிரேக் பிடிக்காது.

மாஃபாக் பிரேக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். கல்லாகிப்போன ரப்பரையும் கேபிளையும் மாற்றினால் போதும். மரையில்லாத வழுவழுப்பான தண்டுள்ள பிரேக் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், மரை போட்ட தண்டு அதன் கண்போல்ட்டில் பிடிக்காது.