முனைவர் பட்டத்துக்கு எந்த நாடு: ஆண்டுகளைக் கணக்கிடும் முறை

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள், பிரிட்டனில் மூன்று அல்லது நான்கு என்று கேள்விப்பட்டதுமே பிரிட்டனுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். அந்த ஆண்டுகள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாகச் சேரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்புகளிலும் தகுதித் தேர்விலும் கழிந்த பிறகுதான் ஆய்வேட்டு வேலை முழுவீச்சில் தொடங்கும். பிரிட்டனிலோ பொதுவாக முதுநிலையை முடித்து, ஆய்வுத் திட்டத்தையும் எழுதிக்கொண்டு வருபவரையே எதிர்பார்க்கிறார்கள். முதுநிலைக்கான காலத்தையும் கூட்டினால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். ஏற்கெனவே எம்.எஸ்ஸி. முடித்தவருக்குத்தான் பிரிட்டன் உண்மையில் குறுக்குவழி.

அடுத்து, அங்கே நீங்கள் மாணவரா ஊழியரா என்று கேளுங்கள். என் கணிப்பில் ஆண்டுக் கணக்கைவிட இதுவே முக்கியம். சுவீடனில் முழுநேரப் படிப்பு நான்கு ஆண்டுகள்தான் என்றாலும், ஊதியம் பெறும் ஆய்வாளர் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பாடம் நடத்தினால் அது ஐந்தாக நீளும். ஜெர்மனியில் சம்பளப் படிநிலையை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. முழுநேரமும் ஆய்வகத்தில் இருப்பவருக்குப் பாதிப் பணியிட ஒப்பந்தம் தருவதும் அங்கே வழக்கம் என்பதால், எத்தனை சதவீதப் பணியிடம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள் கிடைக்கும்.

கடைசிக் கட்டமான ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மூடிய அறைக்குள் பெரும்பாலும் இரண்டு தேர்வாளர்கள் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்பார்கள். திருத்தமே இல்லாமல் தேறுபவர் குறைவு என்பதால், உதவித்தொகை நின்ற பிறகும் சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள். நெதர்லாந்தில் இந்தத் தேர்வு பொது அரங்கில் நடக்கும். குறித்த நேரம் முடிந்ததும் கோலேந்திய அலுவலர் உள்ளே வந்து ‘ஹோரா எஸ்ட்’ (லத்தீனில் ‘நேரமாயிற்று’) என்று அறிவிக்க, பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடலாம் (திணறிக்கொண்டிருப்பவருக்கு அது தேவவாக்கு). ஜெர்மனியில் வாய்மொழித் தேர்வில் தேறினாலும், ஆய்வேடு வெளியாகும்வரை பெரும்பாலும் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. அடுத்த வேலைக்குப் பட்டச் சான்றிதழ் தேவை என்றால், நூலாக்கத்துக்கான மாதங்களையும் கூட்டியே புறப்படும் தேதியைக் குறியுங்கள்.