பத்து ரூபாய் நாணயத்துக்கு ஒரு வித்தை தேடுவோம்

மேஜிக் கற்றுக்கொள்ள நினைக்கும் பலரும் முதலில் போய் நிற்பது ரகசியத்தைப் போட்டு உடைக்கும் வீடியோக்களில்தான். ஒரே ராத்திரியில் இருபது ரகசியம் தெரிந்துவிடும். காலையில் எழுந்தால் ஒன்றையும் செய்து காட்ட வராது. ரகசியத்தைத் தேடாமல், உங்களுக்குப் பொருந்தும் வித்தையைத் தேடுங்கள். ஒரு நாணய வித்தையை வைத்தே இதைச் செய்து பார்ப்போம்.

முதல் படி: எங்கே காட்டப் போகிறீர்கள்?

ஏற்காடு ஏரிக்கரையில் ஒருமுறை சீட்டு வித்தை காட்டினேன். காற்று நான்கு சீட்டைப் பறித்துக்கொண்டு போனது. என் முதுகுக்குப் பின்னால் நின்ற சிறுவன் கையில் ஒளித்திருந்த சீட்டைப் பார்த்துவிட்டான். வித்தை நல்ல வித்தைதான். ஆனால் அது மேஜையும், எதிரே உட்கார்ந்த பார்வையாளர்களும் வேண்டிய வித்தை. சேலத்தில் ஒரு பிறந்தநாள் ஹாலில் அது அருமையாக எடுபடும். அதனால் நோட்டில் முதலில் இதை எழுதுங்கள்: நின்றா, உட்கார்ந்தா? சுற்றிலும் ஆள் உண்டா? காற்று? வெளிச்சம்? மேஜை?

நம் இடம், தட்டுவடை செட் கடை வாசல் என்று வைத்துக்கொள்வோம். நண்பர்கள் மூன்று பேர் எதிரே, பின்னால் சுவர்.

இரண்டாம் படி: பார்ப்பவர் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எப்படிச் செய்வது என்பது இப்போது வேண்டாம். "நண்பரிடம் வாங்கிய பத்து ரூபாய் நாணயம் என் கைக்குள் மறைந்து, அவருடைய தட்டுக்கு அடியில் இருக்கிறது." அவ்வளவுதான். இனி நீங்கள் தேட வேண்டியவை இரண்டு: நாணயம் மறைவது, இன்னோரிடத்தில் தோன்றுவது.

மூன்றாம் படிதான் உண்மையான தேடல். நாணய வித்தைகளுக்கு நல்ல தொடக்கம் ஜே.பி. போபோ எழுதி 1952இல் வந்த 'மாடர்ன் காயின் மேஜிக்'. சீட்டு என்றால் 'ராயல் ரோட் டு கார்ட் மேஜிக்'. எந்த வித்தை எந்தப் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று தேட 'கான்ஜுரிங் ஆர்கைவ்' என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. அது ரகசியத்தைச் சொல்லாது, புத்தகத்தையும் பக்கத்தையும்தான் காட்டும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

போபோவில் 'பிரெஞ்சு டிராப்' கிடைக்கும். இடது கை விரல் நுனியில் நாணயம். வலது கை அதை எடுக்க வருகிறது: கட்டைவிரல் நாணயத்துக்குப் பின்னால், மற்ற விரல்கள் முன்னால். அந்த மறைவில் நாணயம் இடது உள்ளங்கையில் விழுகிறது. வலது கை மூடிக்கொண்டு விலகும்போது உங்கள் கண்ணும் அதனுடனே போக வேண்டும். கண் இடது கையில் நின்றால் எல்லாம் போச்சு.

அதோடு நிறுத்தாதீர்கள். இதே கைவேலை ஹாஃப்மன் 1876இல் வெளியிட்ட 'மாடர்ன் மேஜிக்' நூலில் 'டூர்னிகே' என்ற பெயரில் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1584இல் ரெஜினால்டு ஸ்காட் எழுதிய நூலிலும் காசை மறைக்கும் வித்தைகள் உண்டு. இந்த இரண்டு பழைய நூல்களையும் 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் படித்து, அதைச் செய்து, அடுத்ததற்குப் போங்கள்.

நம் ஊர்த் தேடலையும் விட்டுவிடக் கூடாது. செப்பு என்றால் சிமிழ். கிண்ணத்தையும் பந்தையும் வைத்துக் காட்டிய வித்தையின் பெயரே செப்பிடு வித்தை. திருவிழாக் கூட்டத்தில் வித்தை காட்டுபவரைப் பார்த்தால் முதலில் பணம் கொடுங்கள், பிறகு கடைசிவரை நின்று பாருங்கள். ரகசியத்தைக் கேட்காதீர்கள், அது அவருடைய சோறு. அவர் எப்படிக் கூட்டம் சேர்க்கிறார், எந்தப் பேச்சின்போது கை நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். எந்தப் புத்தகத்திலும் இது இவ்வளவு தெளிவாக வராது.

நான்காம் படி: உங்கள் கைக்கு மாற்றுவது. போபோ பெரும்பாலும் அமெரிக்க அரை டாலரை மனதில் வைத்து எழுதியவர். அது 30.6 மி.மீ. அகலம். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதனால் புத்தகம் சொல்லும் பிடி உங்களுக்குத் தளர்வாகத் தோன்றலாம், விரல்களைச் சற்று நெருக்கிக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் இன்னும் சிறியது, அப்புறம் முயலலாம்.

ஐந்தாவது, யாருடைய வித்தை என்று நோட்டில் குறியுங்கள். பழைய நூல்களில் உள்ளது எல்லோருக்கும் பொது. இன்று ஒருவர் உருவாக்கி விற்பதை விலை கொடுத்து வாங்குங்கள்.

பிறகு கடை வாசலில் ஒரே ஒரு நண்பருக்குக் காட்டுங்கள். தட்டுக்கு அடியில் அதே போன்ற இன்னொரு நாணயத்தை முன்பே வைத்திருங்கள். காட்டி முடித்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காமல், "நீ என்ன பார்த்தே, சொல்லு" என்று கேளுங்கள். அவர் சொன்னது இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய வாக்கியத்தோடு பொருந்தினால், நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பலாம்.