புலம்பல் 3-ஐ முதல் வசனத்திலிருந்து வாசித்தபோது

அப்பா போன பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் “அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள்” என்ற வசனத்தைச் சொன்னார்கள். நல்ல வசனம்தான், ஆனால் மனதில் ஒட்டவில்லை. காலைதான் எனக்கு மிகக் கடினமான நேரம்.

ஒருநாள் அந்த வசனம் வரும் அதிகாரத்தை, வேதாகமத்தின் புலம்பல் புத்தகத்தில் மூன்றாவதை, முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். எருசலேம் கி.மு. 586-ல் பாபிலோனியரிடம் விழுந்ததற்காக அழும் புத்தகம் அது. 18-ம் வசனத்தில், புலம்புகிறவன் தன் பெலனும் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்கிறான். அப்புறம்தான் 22, 23-ல் கிருபை, இரக்கம் எல்லாம் வருகிறது. அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை. 49-ல் மறுபடியும் கண்ணீர். ஐந்தாம் அதிகாரத்தின் கடைசி வசனம் கூட, தேவன் தங்களை வெறுத்துவிட்டாரோ என்ற ஏக்கத்தோடுதான் முடிகிறது.

இவ்வளவையும் வேதம் அழிக்காமல் வைத்திருக்கிறதே! அழுதுகொண்டே நம்பலாம் என்று அன்றுதான் எனக்குத் துணிவு வந்தது.

அதன்பின் காலையில் முதலில் என் வருத்தத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன், பிறகு 21 முதல் 26 வரை வாசிப்பேன். சரி, துக்கம் போய்விடவில்லை. ஆனால் ஜெபம் திரும்ப வந்தது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வசனத்தை அனுப்பாமல், முழு அதிகாரத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.