தூரத்து வளைவில் ரயில் தளர்கிறதா?

குழந்தையின் ஹெச்ஓ (தண்டவாளம் வழியே மின்சாரம் பெற்று ஓடும் சிறு மாதிரி) ரயில் செட்டில், மின்சாரம் நுழையும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரு ஜோடி ஒயரைத் தண்டவாளத்தில் ஈயத்தால் பற்றவைத்து, பலகைக்கு அடியில் கொண்டுவந்து அதே கன்ட்ரோலரில் சேர்த்துவிடுங்கள். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்ளுக்குக் கறுப்பு. முதல் ஜோடிக்கு மாறாக இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். பற்றவைப்பு தண்டவாளத்தின் வெளிப்பக்கமே இருக்கட்டும், உட்பக்கம் வைத்தால் சக்கர விளிம்பு இடிக்கும்.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. பிள்ளைகள் கழற்றி மாட்ட மாட்ட அவை தளர்ந்து, தூரத்தில் வோல்டேஜ் குறைகிறது. இரண்டாவது ஜோடி அந்தத் தூரத்தைப் பாதியாக்கும்.

பேட்டரி ரயிலுக்கு இது வேண்டியதில்லை. சுற்று முழுவதும் திக்கித் திக்கி ஓடினால் கோளாறு அழுக்கில்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சேரும்.