பாகிஸ்தான் திருநங்கை சட்டத்த எப்படி படிக்கறது

இஸ்லாம்ல திருநங்கைக்கு உரிமை உண்டா இல்லயான்னு யாராச்சும் கேட்டா நான் திருப்பி கேக்கறது எந்த நாடு, எந்த வருஷம்னு தான். ஈரான்ல மதத் தலைவர் கொமேனி 1980கள்லயே பால் மாத்தற ஆபரேஷனுக்கு அனுமதின்னு ஃபத்வா (மதத் தீர்ப்பு) குடுத்துட்டாரு, மலேசியால பல மாநில ஷரியா சட்டத்துல ஆம்பள பொம்பள டிரஸ் போட்டாலே குத்தம். அதனால பொதுவா சண்ட போடாம ஒரே ஒரு சட்டத்த எடுத்து படிங்க. என்ன கேட்டா பாகிஸ்தானோட 2018 ஆக்ட்.

மொதல்லேந்து வரிசையா படிக்காதீங்க, தூக்கம் வந்துடும். நேரா செக்ஷன் 2-ல 'n' உட்பிரிவுக்கு போங்க. அங்க மூணு பேர ஒரே குடைக்குள்ள நிக்க வச்சிருப்பாங்க: பிறப்புலயே ரெண்டு பால் அடையாளமும் கலந்தவங்க (அங்க குஸ்ரான்னு சொல்லுவாங்க), உறுப்பு நீக்கிக்கிட்டவங்க, மூணாவதா திருநங்கை, திருநம்பி, குவாஜா சிரா (அந்த ஊரோட பாரம்பரிய மூணாம் பால் சமூகம்) எல்லாரும். அடுத்து செக்ஷன் 3, 18 வயசானா தன்ன எப்படி உணர்றாங்களோ அப்படியே ஐடி கார்டு வாங்கலாம், டாக்டர் சர்டிஃபிகேட் வேணாம். பின்னாடி வந்த மொத்த ரகளையும் இந்த ரெண்டு எடத்துலதான், மூணாவது ஆள் மேலதான்.

செக்ஷன் 7 வாரிசுரிமை. இத வாசிச்சா மட்டும் மண்டைல ஏறாது, பேப்பர எடுத்து கணக்கு போடுங்க. அம்மா ஏற்கனவே இல்ல, அப்பா 20 லட்சம் விட்டுட்டு போறாரு, ஒரு மகன், ஒரு மகள், ஒரு குவாஜா சிரா. இஸ்லாமிய கணக்குல மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணு. குவாஜா சிராவ மகளா கணக்கு வச்சா மொத்தம் நாலு பங்கு, அவங்களுக்கு 5 லட்சம். மகனா வச்சா அஞ்சு பங்குல ரெண்டு, 8 லட்சம். பிறப்புலயே கலந்திருந்து, ஆண் பெண் ரெண்டும் இல்லன்னு அவங்க சொன்னா ஆக்ட் ரெண்டுக்கும் சராசரி போடுது, ஆறரை லட்சம். இது ஏதோ மேல்நாட்டு ஐடியான்னு திட்டறவங்க கவனிங்க, ஃபிக்ஹ்ல (இஸ்லாமிய சட்டவியல்) 'குன்ஸா' பாகம்னு, அதாவது பிறப்புலயே பால் கலந்தவங்களோட பங்குன்னு, பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, மாலிகி மத்ஹப்ல (சட்டப் பிரிவு) இதே சராசரிதான், ஹனஃபில ரெண்டுல கொறஞ்சத குடுப்பாங்க, அதாவது 5 லட்சம். ஆனா ஐடி கார்டுல தானே சொல்லிக்கிட்ட பால வச்சு பங்கு பிரிக்கறது மட்டும் புதுசு, உலமாக்களுக்கு (மத அறிஞர்களுக்கு) கோவம் வந்தது அதுலதான்.

அப்புறம் 2023 மே 19 தீர்ப்பு. சட்டங்க இஸ்லாத்துக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கற ஃபெடரல் ஷரியத் கோர்ட் செக்ஷன் 3-ஐயும் 7-ஐயும் பால் அடையாளத்துக்கான வரையறையையும் இஸ்லாத்துக்கு முரண்னு சொல்லிடுச்சு. இத பாத்துட்டு சட்டமே காலின்னு எழுதுனவங்க நெறைய. வேலைல, ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில பாகுபாடு காட்டக்கூடாதுங்கறது, பிச்ச எடுக்க வைக்கறவனுக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில்ங்கற செக்ஷன் 17, இதெல்லாம் அந்த தீர்ப்புல அடிபடல. பிறப்புல கலந்தவங்களுக்கு உரிமை உண்டுன்னும் அதே கோர்ட்டே சொல்லுது.

கடைசியா அரசியலமைப்பு 203-டி பிரிவ பாக்காம விட்டுடாதீங்க. ஷரியத் கோர்ட் தீர்ப்பு மேல சுப்ரீம் கோர்ட்டோட ஷரியத் பெஞ்ச்ல அப்பீல் போட்டா, அது முடியற வரைக்கும் தீர்ப்பு அமலுக்கு வராதுன்னு 2024 வரைக்கும் இருந்துச்சு; அந்த வருஷம் வந்த 26-வது திருத்தப்படி 12 மாசத்துல அப்பீல் முடியணும், இல்லன்னா சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சா தவிர தீர்ப்பு அமலுக்கு வந்துடும். அப்பீல் போட்டுட்டாங்க. அதனால ஐடி கார்டுல இப்ப 'எக்ஸ்' (ஆண் பெண் ரெண்டும் இல்லாத பால் குறி) கெடைக்குமான்னு கேட்டா தீர்ப்ப காட்டாதீங்க, அப்பீல் எந்த நிலைமைல இருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க.