இருட்டில் விலங்கு பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பகலில் விலங்குக் காட்சிசாலைக்குப் போனால் புனுகுப்பூனை, அழுங்கு, தேவாங்கு எல்லாம் பெயர்ப்பலகையில்தான் இருக்கும். மூலையில் சுருண்டு கிடக்கும் எதையோ காட்டி "அதோ, அதுதான்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குறையைப் போக்க வந்தவைதான் இரவுப் பூங்காக்கள். 1994இல் சிங்கப்பூரில் திறந்த நைட் சஃபாரிதான் இரவு விலங்குகளுக்கென்றே அமைத்த உலகின் முதல் பூங்கா. இப்போது வேறு ஊர்களிலும் சில காட்சிசாலைகள், பகல் கூட்டம் போன பிறகு இரவு நடை அழைத்துப் போகின்றன.

ஆனால் டிக்கெட் எடுத்து, வண்டியில் ஒரு சுற்று வந்து, "ஒண்ணும் தெரியல" என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்களும் நிறைய. விலங்குகள் அங்கேதான் இருந்திருக்கும். இவர்கள் கண்தான் இருட்டுக்குப் பழகியிருக்காது. கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

மான், காட்டுப்பூனை போன்ற பல விலங்குகள் அந்தி மயங்கும் வேளையில் சுறுசுறுப்பாக இருக்கும். முழு இருட்டில்தான் வெளியே வருவேன் என்று இருப்பவையும் உண்டு. அதனால் திறக்கும் நேரத்துக்கே போனால் இரண்டு வகையையும் பார்க்கலாம். கூட்டம் பிடிக்காது என்றால் கடைசி நுழைவு நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். குடும்பங்கள் கிளம்பிய பிறகு நடைபாதைகள் அமைதியாகிவிடும். சிறு குழந்தைகளை மதியம் தூங்க வைத்து அழைத்துப் போவது நல்லது. லேசான தூறல் பெரிய தொல்லை இல்லை. இடி மின்னல் இருந்தால் நடைபாதைகளை மூடிவிடுவார்கள், வானிலை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பையில் என்ன?

பின்பக்கம் மூடிய, சத்தம் போடாத காலணி. சரசரக்காத துணியில் உடை. பிளாஸ்டிக் மழைக்கோட்டின் சத்தத்தை உங்களுக்கு முன்னால் மான் கேட்டுவிடும். கொசு மருந்தை உள்ளே போகும் முன்பே பூசிவிடுங்கள். சென்ட் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பைனாகுலர் இருந்தால் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மில்லிமீட்டர். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42இல் அது 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சட்டைப்பையில் அடங்கும் 8×21இல் அதில் பாதிதான், இருட்டில் அதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் பார்க்க முடியாது.

டார்ச் அடிக்கப் பெரும்பாலான பூங்காக்கள் விடமாட்டார்கள். அவர்களே நிலவொளி போல மங்கலாக விளக்கு வைத்திருப்பார்கள், அது போதும்.

படி 3: கண்ணைப் பழக்குங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. கூம்புச் செல்கள் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். குச்சிச் செல்கள் மங்கலுக்கு. குச்சிச் செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி, பளிச்சென்ற ஒளி பட்டால் சிதைந்துவிடும். அது மீண்டும் சேர்ந்து கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு முறை போனைத் திறந்து மெசேஜ் பார்த்தால் போதும், பழகியதில் பெரும்பங்கு போய்விடும்.

எனவே டிக்கெட்டைத் திரையில் காட்டி முடித்ததும் போனை உள்ளே வைத்துவிடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மற்றதால் பாருங்கள். மூடிய கண் பழகியபடியே இருக்கும். பார்க்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும், இருட்டில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

இன்னொரு உத்தி: பார்க்க வேண்டியதை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நட்டநடுவில் குச்சிச் செல்களே கிடையாது. கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால், நேராகப் பார்க்கையில் மறைந்துபோன உருவம் தெரியத் தொடங்கும்.

படி 4: முதலில் நடை, பிறகு வண்டி

டிராம் வண்டி இருக்கும் பூங்காக்களில் கதவு திறந்ததும் எல்லோரும் வண்டி வரிசைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் நடைபாதைக்குப் போங்கள். நடக்க நடக்க இருட்டும் கூடும், கண்ணும் பழகும். வண்டியிலிருந்து யானை, காண்டாமிருகம் போன்ற பெரியவை நன்றாகத் தெரியும். மீன்பிடிப்பூனை, பறக்கும் அணில், சருகுமான் போன்ற சின்னவற்றுக்கு நடைதான் சரி.

படி 5: நில்லுங்கள்

ஒரு கூண்டின் முன் பலர் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் தரை, அப்புறம் கிளைகள், கடைசியில் மரத்தின் பிளவுகள் என்று மெதுவாகப் பார்வையை நகர்த்துங்கள். இருட்டில் நிறம் தெரியாது, அசைவுதான் காட்டிக்கொடுக்கும். மலாயா டேபிர் என்ற விலங்கின் பாதி உடம்பு கறுப்பு, பாதி வெள்ளை. பகலில் எடுப்பாகத் தெரியும் அந்த வேஷம், இரவில் உடலின் வடிவத்தையே துண்டாக்கி ஒளித்துவிடும்.

விளக்கொளியில் இரண்டு புள்ளிகள் மின்னினால் அவை கண்கள். பூனை, மான் போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மின்னும் நிறத்தை வைத்து விலங்கை அடையாளம் சொல்ல முயல வேண்டாம், கோணம் மாறினால் நிறமும் மாறும். தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எப்படி நகர்கிறது என்று பாருங்கள். டார்சியர் என்ற குட்டி விலங்குக்குப் பெரிய கண்கள் இருந்தும் இந்தப் படலம் இல்லை.

மூக்கையும் பயன்படுத்துங்கள். புனுகுப்பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பின்துராங் இருக்கும் பக்கம் சூடான பாப்கார்ன் வாசனை வரும். பாப்கார்னிலும் பாசுமதி அரிசியிலும் மணக்கும் அதே வேதிப்பொருள் அதன் சிறுநீரில் இருக்கிறது. சென்ட் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான்.

படி 6: ஃபிளாஷ் கூடவே கூடாது

மங்கலுக்கென்றே அமைந்த கண்ணுக்குத் திடீர் வெளிச்சம் வெறும் கூச்சத்தோடு போவதில்லை. விலங்கு மிரண்டு ஒளிந்துகொண்டால் அன்றைக்கு அதை யாரும் பார்க்க முடியாது. 2023இல் அமெரிக்காவின் மயாமி காட்சிசாலையில் இரவுப்பறவையான கிவியைப் பகல்போன்ற வெளிச்சத்தில் பார்வையாளர்கள் தொட்டுத் தடவும் காணொளி வெளியானது. எதிர்ப்பு கிளம்பி, காட்சிசாலை மன்னிப்புக் கேட்டு அந்த நிகழ்ச்சியையே நிறுத்தியது.

படம் எடுத்தே தீருவேன் என்பவர்கள் கேமராவின் ஃபோகஸ் விளக்கையும் அணைத்து, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, கைப்பிடிக் கம்பியில் ஊன்றி எடுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். கிடைப்பது கறுப்பு நிறத்தில் ஒரு கலங்கல், போவது பழகிய கண்.

படி 7: கிளம்பும் நேரம்

டிராமின் கடைசி வண்டி, பூங்கா மூடும் நேரத்துக்கு முன்பே போய்விடலாம். வெளியே ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தும் அப்படித்தான். இரண்டு நேரத்தையும் நுழையும்போதே கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். போனில் குறித்தால் மறுபடி திறக்க வேண்டிவரும்.